பழைய ரைடிங் மோவர்: சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அதோடு நின்றுவிடுகிறது

கொலம்பஸ்வாசி:

எல்லாருக்கும் வணக்கம். ஒஹாயோவில் கொலம்பஸுக்கு வெளியே ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் மேலே இடத்தோடு வீடு வாங்கியிருக்கிறோம். தள்ளிக்கொண்டு போகும் மோவரை வைத்து இவ்வளவு புல்லையும் வெட்ட முடியாது என்பதால் பக்கத்து ஊரில் ஒருவரிடம் உட்கார்ந்து ஓட்டும் பழைய ரைடிங் மோவர் ஒன்றை வாங்கினேன். 42 இன்ச் டெக் (பிளேடு சுற்றும் அடிப்பகுதி), ஒற்றை சிலிண்டர், 17.5 குதிரைத்திறன். அவர் வீட்டில் சாவியைத் திருப்பியதும் ஓடியது, ஆனால் நான் போகும்போதே எஞ்சின் சூடாக இருந்தது. இங்கே கொண்டுவந்த பிறகு காலையில் எடுத்தால் ஒரே மல்லுக்கட்டு. சில நேரம் 'டக்' என்று ஒரே ஒரு சத்தம், வேறு எதுவும் இல்லை. சில நேரம் எஞ்சின் அரைச் சுற்று சுற்றி எதிலோ முட்டியது மாதிரி நின்றுவிடுகிறது. விட்டு விட்டுத் திருப்பிக்கொண்டே இருந்தால் எப்போதாவது அந்த இடத்தைத் தாண்டும், தாண்டிவிட்டால் உடனே ஸ்டார்ட் ஆகி நன்றாக ஓடுகிறது. புது பாட்டரி போட்டும் மாற்றம் இல்லை. கடையில் கேட்டால் முதலில் சொலினாய்டை (சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துவிடும் சுவிட்ச்) மாற்று, சரியாகாவிட்டால் ஸ்டார்ட்டர் மோட்டாரை மாற்று என்கிறார்கள். இரண்டையும் வாங்கினால் மோவர் விலையில் பெரும் பங்கு அதற்கே போய்விடும். மல்டிமீட்டர் இருக்கிறது, அளக்கத் தெரியும். எதில் தொடங்குவது என்று யாராவது சொல்லுங்கள். மழை வேறு விட்டபாடில்லை, புல் கிடுகிடுவென்று வளர்கிறது.

மீட்டர்காரன்:

நண்பரே, இப்போதைக்கு ஒரு பாகமும் வாங்காதீர்கள். மீட்டர் கையில் இருக்கும்போது ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது வீண் செலவு.

'டக்' கேட்கிறது என்பதே நல்ல செய்தி. சாவி, ஃபியூஸ், சீட்டுக்கு அடியில் இருக்கும் சுவிட்ச், பிரேக் பெடல் சுவிட்ச், பிளேடு சுவிட்ச் எல்லாவற்றையும் தாண்டி மின்சாரம் சொலினாய்டின் சின்ன முனை வரை வந்தால்தான் அந்தச் சத்தம் வரும். எனவே அவற்றை இப்போது நோண்ட வேண்டாம். சத்தமே வரவில்லை என்றால்தான் அந்தப் பக்கம் போக வேண்டும். 'டகடகடக' என்று அடுக்கடுக்காகக் கேட்டால் பெரும்பாலும் பாட்டரி பலமில்லை. ஒரே ஒரு 'டக்' என்றால் சொலினாய்டின் உள் தகடு கருகியிருக்கலாம், கேபிள் முனையில் துரு இருக்கலாம், ஸ்டார்ட்டர் போயிருக்கலாம், அல்லது ஸ்டார்ட்டர் நல்லதாக இருந்தும் எஞ்சினைச் சுற்ற முடியாமல் திணறலாம்.

சும்மா நிற்கும்போது பாட்டரியில் 12.6 வோல்ட் காட்டுவதை வைத்து எதுவும் முடிவு செய்யாதீர்கள். அளக்க வேண்டியது யாராவது சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும் அந்த இரண்டு மூன்று விநாடிகளில். முதலில் ஸ்பார்க் பிளக் கேபிளைக் கழற்றி எஞ்சின் உடம்பில் எர்த் படும்படி வையுங்கள், எதிர்பாராமல் ஸ்டார்ட் ஆகக் கூடாது. சாவியைத் திருப்பும்போது பாட்டரி 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பாட்டரியையே சந்தேகப்படுங்கள், புதிதாக இருந்தாலும் சரி. அப்புறம் மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் மைனஸ் கம்பத்திலும் (கேபிள் கிளிப்பில் இல்லை, கம்பத்திலேயே) மற்றதை எஞ்சினின் வெறும் உலோகத்திலும் வைத்துத் திருப்பச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் அருமை. அரை வோல்ட்டைத் தாண்டினால் கறுப்பு கேபிள் சேஸிஸில் மாட்டியிருக்கும் போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். பழைய மோவர்களில் அந்த வாஷருக்கு அடியில் பெயின்ட்டும் துருவும் சேர்ந்து பொருக்குத் தட்டிக் கிடக்கும், மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. உப்புத்தாள் போட்டு உலோகம் பளிச்சென்று தெரியும் வரை தேய்த்து இறுக்குங்கள். அதேபோல பாட்டரி பிளஸ் கம்பத்துக்கும் ஸ்டார்ட்டர் போல்ட்டுக்கும் நடுவே அளந்து பாருங்கள், சாவி திருப்பியிருக்கும்போது அங்கும் அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அதிகம் என்றால் சொலினாய்டின் இரண்டு பெரிய முனைகளுக்கு நடுவே மட்டும் அளங்கள், வோல்ட் திருடு போவது சொலினாய்டிலா கேபிளிலா என்று தெரிந்துவிடும்.

ராலே அக்கா:

மீட்டர்காரன் சொன்ன வரிசையிலேயே போங்க தம்பி. நான் சொல்ல வந்தது வேறு. யூட்யூபில் நிறைய பேர் ஸ்க்ரூடிரைவரால் சொலினாய்டின் இரண்டு பெரிய முனைகளையும் சேர்த்து ஸ்டார்ட் செய்து காட்டுகிறார்கள். அதைத் தயவுசெய்து செய்யாதீங்க. அப்படிச் செய்தால் சீட், பிரேக், பிளேடு என்று ஒரு சுவிட்சும் ஸ்டார்ட்டரைத் தடுக்காது. கியரில் இருந்தால் வண்டி நம் மேலேயே ஏறும், பிளேடு லீவர் போட்டிருந்தால் கால் பக்கத்தில் பிளேடு சுற்றத் தொடங்கும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் சீட் சுவிட்சை ஒயர் போட்டு இணைத்து வைக்கும் வேலையும் வேண்டாம். பழைய வண்டி என்பதால், விற்றவரோ அவருக்கு முன்னால் வைத்திருந்தவரோ அப்படி ஏதாவது செய்திருக்கிறார்களா என்று சீட்டைத் தூக்கிப் பாருங்க. பிளேடு ஓடும்போது சீட்டிலிருந்து எழுந்தால் எஞ்சின் நிற்க வேண்டும்.

இன்னொன்று, ஹுட்டைத் திறந்து எலி கடித்த ஒயர் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்க. குளிர்காலம் முழுக்க ஷெட்டில் கிடந்த வண்டிகளில் எஞ்சின் மேலே சுற்றும் ஃபிளைவீல் சக்கரத்தின் மூடிக்குள் எலி கூடு கட்டுவது இங்கே சகஜம்.

கொலம்பஸ்வாசி:

மிக்க நன்றி அக்கா, சீட் சுவிட்ச் ஒழுங்காகவே வேலை செய்கிறது, யாரும் கை வைக்கவில்லை. எலியும் இல்லை.

மீட்டர்காரன், நீங்கள் சொன்னபடி அளந்துவிட்டேன். சும்மா இருக்கும்போது 12.7. சாவி திருப்பி எஞ்சின் முட்டி நிற்கும் நேரத்தில் பாட்டரியில் 10.1. எர்த் பக்கம் 0.1, பிளஸ் பக்கம் 0.3. நீங்கள் சொன்ன கணக்குப்படி கேபிள், சொலினாய்டு எல்லாமே சரி. அப்படியானால் ஸ்டார்ட்டர்தானா? ஆனால் ஒன்று இடிக்கிறது: ஸ்பார்க் பிளக்கையே கழற்றிவிட்டுத் திருப்பினால் எஞ்சின் விசிறி மாதிரி சர்ரென்று சுற்றுகிறது.

சின்ன எஞ்சின்:

ஸ்டார்ட்டருக்கு ஆர்டர் போட்டுவிடாதீர்கள்! கடைசியாகச் சொன்ன அந்த வரியில்தான் விடை இருக்கிறது. பிளக் இல்லாமல் வேகமாகச் சுற்றுகிறது, பிளக் போட்டால் ஒரே இடத்தில் முட்டி நிற்கிறது என்றால் ஸ்டார்ட்டருக்குப் பலம் இருக்கிறது, சிலிண்டரின் அழுத்தத்தைத்தான் அதனால் தாண்ட முடியவில்லை. இது மின்சாரக் கோளாறு மாதிரி வேஷம் போடும் வால்வு கோளாறு. இதைத் தெரியாமல் பாட்டரி, சொலினாய்டு, ஸ்டார்ட்டர் என்று வரிசையாகப் பணம் செலவழித்துவிட்டு வந்து நிற்பவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கும்.

இந்த அளவு ஒற்றை சிலிண்டர் எஞ்சினை ஒரு சின்ன ஸ்டார்ட்டரால் முழு அழுத்தத்துக்கு எதிராகச் சுற்ற முடியாது. அதனால் வால்வுகளைத் திறந்து மூட வைக்கும் கேம்ஷாஃப்ட் தண்டிலேயே ஓர் ஏற்பாடு வைத்திருப்பார்கள். ஸ்டார்ட் செய்யும் குறைந்த வேகத்தில் மட்டும் அது ஒரு வால்வைக் கொஞ்சூண்டு தூக்கி அழுத்தத்தை வெளியே விடும். வால்வை அழுத்தும் ராக்கர் கைக்கும் வால்வுக்கும் நடுவே உள்ள இடைவெளி நாளாக ஆகக் கூடிவிட்டால், அந்தச் சின்னத் தூக்கல் வால்வை எட்டுவதே இல்லை. அப்போது முழு அழுத்தமும் ஸ்டார்ட்டர் தலையில் விழுகிறது.

எஞ்சின் எது என்று நீங்கள் சொல்லவில்லை. வால்வு கவரிலோ மேல் மூடியிலோ மாடல், டைப், கோடு (code) என்று மூன்று எண்கள் அடித்திருக்கும். பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் என்றால் கோடின் முதல் ஆறு இலக்கம் தயாரித்த வருடம், மாதம், தேதி. அவர்களுடைய ஒற்றை சிலிண்டர் இன்டெக் வரிசைக்கு இன்டேக் (உள்ளே இழுக்கும்) வால்வு இடைவெளி 0.003 முதல் 0.005 இன்ச், எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும்) வால்வுக்கு 0.005 முதல் 0.007 இன்ச். வேறு எஞ்சின் என்றால் மாடல் எண்ணைப் போட்டு அதற்கான அளவைத் தேடி எடுங்கள், இதையே வைக்காதீர்கள்.

எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போது செய்யுங்கள். பாட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு, பிளக்கையும் எடுத்துவிட்டு, வால்வு கவரின் போல்ட்டுகளைக் கழற்றுங்கள். பிளக் துளைக்குள் ஒரு மரக்குச்சியை விட்டுக்கொண்டு ஃபிளைவீலை மேலிருந்து பார்க்கும்போது கடிகாரம் சுற்றும் திசையில் கையால் மெதுவாகத் திருப்புங்கள். இரண்டு வால்வும் மூடியிருக்கும் சுற்றில் பிஸ்டன் உச்சிக்கு வந்து குச்சியைத் தூக்கும். அதைத் தாண்டி கால் இன்ச் இறங்கியதும் நிறுத்துங்கள். சரியாக உச்சியிலேயே நிறுத்தினால் அந்தத் தூக்கும் ஏற்பாடு குறுக்கே நின்று தப்பான அளவு காட்டும், அதற்காகத்தான் இந்தக் கால் இன்ச். இனி அந்த இடைவெளியில் ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பாருங்கள். ராக்கர் நட்டின் நடுவில் இருக்கும் பூட்டுத் திருகைத் தளர்த்தி, நட்டைத் திருப்பி, கேஜ் லேசான இழுவையோடு வரும் அளவுக்கு வைத்து மறுபடி பூட்டுங்கள். பூட்டும்போது நட்டு கூடவே நகரும், அதனால் பூட்டிய பிறகு இன்னொரு தடவை அளக்க மறக்காதீர்கள்.

இடைவெளி ஏற்கெனவே சரியாக இருந்தால் கேம்ஷாஃப்டில் உள்ள அந்த ஏற்பாடே உடைந்திருக்கலாம். அதற்கு எஞ்சினைத் திறக்க வேண்டும், அது பெரிய வேலை. முதலில் இதைப் பாருங்கள்.

கொலம்பஸ்வாசி:

அண்ணா, ஓடிவிட்டது! நீங்கள் சொன்ன வரிசை எஞ்சின்தான். இன்டேக் பக்கம் 0.010 இன்ச் கேஜே தாராளமாகப் போய் வந்தது. அதை 0.004-க்கும் எக்ஸாஸ்ட்டை 0.006-க்கும் வைத்தேன். இப்போது சாவியைத் தொட்டதும் தயங்காமல் சுற்றிப் பற்றிக்கொள்கிறது, காலையில் குளிரிலும் அப்படியே. உங்கள் எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி.

ஒன்று மட்டும் பாக்கி. ஓடும்போது பாட்டரியில் அளந்தால் 12.5-லேயே நிற்கிறது, ஏறவில்லை. சார்ஜ் ஆக வேண்டாமா?

மீட்டர்காரன்:

கட்டாயம் ஆக வேண்டும். த்ராட்டிலை முழுக்க ஏற்றி அளங்கள், 13.5-க்கு மேலே போக வேண்டும். போகவில்லை என்றால் எஞ்சினிலிருந்து வரும் ஒயரைப் பாருங்கள். ஃபிளைவீலுக்கு அடியிலிருந்து இரண்டு ஒயர் வந்து ஒரு சின்ன அலுமினியப் பெட்டிக்குப் போனால் அதுதான் ரெகுலேட்டர், பாட்டரிக்குப் போகும் சார்ஜை ஒழுங்குபடுத்துவது. ரெகுலேட்டரில் மாட்டியிருக்கும் கனெக்டரைக் கழற்றி அந்த இரண்டு ஒயருக்கு நடுவே ஏசி வோல்ட் வைத்து அளங்கள், முழு வேகத்தில் 28-ஓ அதற்கு மேலோ வந்தால் ஃபிளைவீலுக்கு உள்ளே மின்சாரம் தயாரிக்கும் ஸ்டேட்டர் சுருள் நல்லது. அப்படியானால் முதலில் ரெகுலேட்டர் உட்கார்ந்திருக்கும் இடத்தைத் துருப்போகத் தேய்த்து இறுக்குங்கள், பல ரெகுலேட்டர்களுக்கு அதன் உடம்புதான் எர்த். அப்புறமும் ஏறாவிட்டால் ரெகுலேட்டரை மாற்றலாம். பெட்டியே இல்லாமல் ஒரே ஒயர் நேராகப் போனால் அதற்குள் ஒரு டயோடு ஒளிந்திருக்கும், ஒயரில் தடித்துத் தெரியும் இடத்தைத் தடவிப் பாருங்கள். அளவு கிடைத்ததும் இங்கேயே போடுங்கள். அதுவரை புல் வெட்டி முடித்ததும் பாட்டரியைச் சார்ஜரில் போட்டு வையுங்கள்.