சஃப்ரஜிஸ்ட், சஃப்ரஜெட்: இரண்டுக்கும் ஒரே சொல் போதுமா?

அனைவருக்கும் வணக்கம்.

பெண்களின் வாக்குரிமை தொடர்பாக 1920இல் வந்த, அமெரிக்க அரசியல் சட்டத்தின் 19ஆம் திருத்தம் பற்றி ஒரு கலைக்களஞ்சியக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். சஃப்ரேஜ் என்பதற்கு வாக்குரிமை இருக்கிறது, சிக்கலில்லை. அதற்காக இயங்கியவர்களைக் குறிக்கும் இரண்டு சொற்களில்தான் மாட்டிக்கொண்டேன். இரண்டுக்கும் "வாக்குரிமைப் போராளி" என்று போட்டால் ஒரு வாக்கியம் இப்படி வந்து நிற்கிறது: "அமெரிக்கப் பெண்கள் தங்களை வாக்குரிமைப் போராளிகள் என்றே சொல்லிக்கொண்டனர், வாக்குரிமைப் போராளிகள் என்றால் பலருக்குப் பிடிக்காது." படிப்பவர் என்னைத்தான் சந்தேகப்படுவார். பரிந்துரை தாருங்கள்.

(கோவை)

———

> இரண்டுக்கும் "வாக்குரிமைப் போராளி" என்று போட்டால்

அம்மா, இரண்டும் ஒன்றல்ல. முதலாவதான சஃப்ரஜிஸ்ட் பொதுப்பெயர், ஆணுக்கும் பொருந்தும். 1848 ஜூலையில் நியூயார்க் மாநிலத்தின் செனகா ஃபால்ஸில் கூடிய மாநாட்டில் அறிக்கைக்குக் கையெழுத்திட்ட நூறு பேரில் 32 பேர் ஆண்கள். வாக்குரிமை கேட்கும் தீர்மானம் அங்கேயே தடுமாறியபோது, மாநாட்டைக் கூட்டியவர்களில் ஒருவரான எலிசபெத் கேடி ஸ்டாண்டனுக்குத் துணையாக எழுந்து பேசியவர் அடிமை ஒழிப்புத் தலைவர் ஃபிரெடரிக் டக்ளஸ். ஆகவே பெண்பால் விகுதி போட்டு இந்தச் சொல்லை அடைத்துவிடக்கூடாது. என் பரிந்துரை: வாக்குரிமையர்.

இரண்டாவதான சஃப்ரஜெட் வசைச்சொல்லாகப் பிறந்தது. 1906இல் லண்டன் டெய்லி மெயில் நாளிதழ் கிண்டலாக ஒட்டவைத்த விகுதி அது. சிகார் சிறுத்தால் சிகரெட் ஆகிறதே, அதே விகுதி. பிரிட்டனில் பெண்கள் வாக்குரிமைக்குப் போராடிய பாங்க்ஹர்ஸ்ட் அம்மையாரின் இயக்கத்தார் கோபித்துக்கொள்ளாமல் அதையே எடுத்துச் சூடிக்கொண்டார்கள். பத்திரிகைக்கே அந்தப் பெயரை வைத்தார்கள். அமெரிக்காவில் அது ஒட்டவில்லை. லண்டன் போராட்டங்களில் சிறை சென்று திரும்பிய ஆலிஸ் பாலும் லூசி பர்ன்ஸும் 1917 ஜனவரி முதல் வெள்ளை மாளிகை வாசலில் பதாகையோடு நின்றார்கள்; அதற்காகச் சிறைக்கும் போனார்கள். அங்கேயும் பெரும்பாலோர் தங்களுக்கு வைத்துக்கொண்டது பழைய பெயரைத்தான்.

இழிவும் தெரிய வேண்டும், அதை எடுத்து அணியவும் முடிய வேண்டும். நம்மிடம் அதற்கு ஒரு விகுதி தயாராகவே இருக்கிறது: வாக்குரிமைக்காரி. "வாக்குரிமைக்காரர்" என்றால் மரியாதை வந்து உட்கார்ந்துவிடுகிறது. "காரி" என்றதும் முகம் சுளிக்கிறது. அந்தச் சுளிப்புதான் நமக்கு வேண்டியது.

"வாதி" வேண்டாம். நீதிமன்ற வாடை அடிக்கிறது. (மிசூரியின் வர்ஜீனியா மைனர் வாக்காளராகப் பதிந்துகொள்ள வழக்குப் போட்டபோது, மணமான பெண் தனியாக வழக்காட முடியாதென்று கணவரும் கூடச் சேர வேண்டியிருந்தது. வாதியாக இருப்பதற்கே துணை தேவைப்பட்ட காலம்.)

(மதுரை)

———

வணக்கம் ஐயா, அக்கா.

"போராளி" எண்ட சொல்லை விட்டதுக்கு நன்றி. எங்கட பக்கத்தில அந்தச் சொல்லைக் கேட்டால் துவக்குத்தான் (துப்பாக்கி) கண்ணுக்கு முன்னால வரும். மனு எழுதி, மாநிலம் மாநிலமாக ஆதரவு திரட்டின அமெரிக்க இயக்கத் தலைவி கேரி சாப்மன் கேட் அம்மையாருக்கு அது பொருந்தாது. வாக்குரிமையர் நல்லாயிருக்கு.

ஆனால் "காரி" கலைக்களஞ்சியத்துக்குச் சரிவருமோ? பள்ளிக்கூடப் பிள்ளை அதைச் சாதாரணச் சொல்லெண்டு எடுத்து எல்லாருக்கும் போட்டுவிடும். பிரித்தானிய இயக்கம் பற்றிய இடத்தில மட்டும் வைச்சு, முதல் தடவை வரேக்க பேர் எப்படி வந்ததெண்டு ஒரு வரி எழுதினால் நான் எதிர்க்கமாட்டன்.

இன்னொண்டு. 1931இல் டொனமூர் அரசியலமைப்போட இலங்கைக்கு வந்ததை "சர்வசன வாக்குரிமை" எண்டு படிச்சனாங்கள். தமிழ்நாட்டில "வயதுவந்தோர் வாக்குரிமை" எண்டுவினம். எது சரியெண்டு பிறகு சண்டை பிடிப்பம். இரண்டும் எல்லாருக்கும் வாக்கு எண்ட பொருள் தாறதால, அமெரிக்காவின்ர 1920ஐப் பற்றி எழுதேக்க இரண்டுமே வரக்கூடாது.

(யாழ்ப்பாணம்)

———

யாழ்ப்பாணத்து நண்பர் கடைசியில் சொன்னதைப் பிடித்துக்கொள்கிறேன். பெயர்ச்சொல்லுக்கு இவ்வளவு மெனக்கெடுகிறோம். கட்டுரையைக் கெடுப்பது வினைச்சொல். வரைவில் "1920இல் அமெரிக்கப் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கப்பட்டது" என்று இருக்கிறது. சட்டம் படித்தவன் என்ற முறையில் இதை விட மனமில்லை.

திருத்தத்தின் வாசகத்தில் "வழங்கல்" எங்கும் இல்லை. குடிமக்களின் வாக்களிக்கும் உரிமையைப் பால் காரணமாக ஒன்றியமோ எந்த மாநிலமோ மறுக்கவோ குறைக்கவோ கூடாது என்பதுதான் அதன் சாரம். ஒரு காரணத்துக்கு மட்டும் பூட்டுப் போடுகிறது. வேறு காரணம் சொல்லி மறுக்கலாமா? மறுத்தார்கள். தெற்கு மாநிலங்களில் தலைவரி, எழுத்தறிவுத் தேர்வு, இவற்றுக்கும் மசியாதவர்களுக்கு மிரட்டல் என்று கறுப்பினப் பெண்களை 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் வரை வாக்குச்சாவடிக்கு வெளியிலேயே நிறுத்தினார்கள். கறுப்பின ஆண்களுக்கு, இனம் காரணமாக வாக்குரிமையை மறுக்கக்கூடாது என்ற 1870இன் 15ஆம் திருத்தம் இருந்தும் அதே கதிதான். "வழங்கப்பட்டது" என்று எழுதினால் இந்த 45 ஆண்டுகள் காணாமல் போகின்றன.

மறுபுறம், வழங்கப்பட்ட இடங்களும் உண்டு. வயோமிங் 1869இல் சட்டமியற்றிக் கொடுத்தது. மான்டானாவின் ஜெனட் ரேங்கின் 1916இலேயே காங்கிரசுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டுவிட்டார்; 19ஆம் திருத்தம் அப்போது பிறக்கவே இல்லை. இருந்ததைப் பிடுங்கிய கதையும் இருக்கிறது. நியூ ஜெர்சியில் சொத்துடைய பெண்கள் வாக்களித்துவந்தார்கள், 1807இல் நிறுத்திவிட்டார்கள். யூட்டாவில் 1870இல் கிடைத்ததை 1887இல் காங்கிரஸ் பறித்தது.

ஆக வயோமிங்குக்கு வாக்குரிமை வழங்கல், 1920க்கு வாக்குத்தடை நீக்கம், யூட்டாவுக்கு வாக்குரிமைப் பறிப்பு, தெற்கு மாநிலங்களுக்கு வாக்குரிமை மறுப்பு. எல்லாம் பழகிய சொற்கள்; புதிதாக எதையும் அடிக்க வேண்டியதில்லை, இடம் மாறாமல் போட்டால் போதும்.

இந்த வேறுபாட்டை அந்தக் காலத்திலேயே பற்றி நின்றவர் அமெரிக்க வாக்குரிமையரான சூசன் பி. ஆந்தனி. 14ஆம் திருத்தப்படி நான் குடிமகள், எனவே உரிமை ஏற்கெனவே என்னிடம் இருக்கிறது, எவரும் தர வேண்டியதில்லை என்று 1872 நவம்பரில் ராச்செஸ்டரில் போய் வாக்களித்தார். கைது. மறு ஆண்டு விசாரணையில் நடுவர்குழுவைக் கலந்து பேசவிடாமல் நீதிபதி தாமே குற்றவாளி என்று முடித்தார். அபராதம் 100 டாலர், அவர் கட்டவேயில்லை. 1875இல், மதுரை ஐயா சொன்ன வர்ஜீனியா மைனரின் வழக்கில் உச்ச நீதிமன்றம், பெண்கள் குடிமக்கள்தான், ஆனால் குடியுரிமைக்குள் வாக்குரிமை அடங்காது என்று கதவைச் சாத்தியது. ஆந்தனியைப் பற்றிய பத்தியில் வாக்குரிமை "கேட்டார்" என்று எழுதாதீர்கள், "செலுத்தினார்" என்று எழுதுங்கள்.

(திருச்சி)

———

> வாக்குத்தடை நீக்கம்

திருச்சி ஐயா, "பாலினவழி" என்பதையும் முன்னால் சேர்த்துக்கொள்ளலாமா? பாலினவழி வாக்குத்தடை நீக்கம். கொஞ்சம் நீளம்தான், ஆனால் எந்தப் பூட்டு திறந்தது, எது திறக்கவில்லை என்று தலைப்பிலேயே தெரிந்துவிடும்.

(மதுரை)

———

எல்லாருக்கும் நன்றி. வரைவில் மாற்றிவிட்டேன். சிக்கிய வாக்கியம் இப்போது: "அமெரிக்கப் பெண்கள் தங்களை வாக்குரிமையர் என்றனர், பிரிட்டனில் கேலியாகத் தொடங்கிய வாக்குரிமைக்காரி என்ற பெயரைப் பலர் விரும்பவில்லை." நீளமான தலைப்பையே வைத்துக்கொள்கிறேன்.

ஒன்று மிச்சம். ஆலிஸ் பால் 1923இல் எழுதி முன்வைத்ததற்குச் "சம உரிமைத் திருத்தம்" என்று போட்டிருந்தேன். காங்கிரஸ் 1972இல் நிறைவேற்றியது. 38 மாநிலங்கள் ஒப்ப வேண்டியதில் 1982 கெடு முடிந்தபோது 35தான் சேர்ந்திருந்தன. பிறகு மூன்று சேர்ந்தும் கெடு தாண்டிவிட்டது என்ற வழக்கு ஓயவில்லை. வெறும் "திருத்தம்" என்றால் சட்டமாகிவிட்டதாகத் தோன்றும். "சம உரிமைத் திருத்த முன்மொழிவு" என்று மாற்றுகிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் யாரும் மறுக்காவிட்டால் பதிவேற்றிவிடுவேன்.

(கோவை)