பெயிண்டை நம்ப வேண்டாம்: பழைய டிராக்டரின் மாடலைக் கண்டறிந்த அனுபவங்கள்

குடியாத்தத்திலிருந்து:

எங்கள் பக்கத்தில் ஐம்பது, அறுபது ஆண்டுப் பழமையுள்ள டிராக்டர்கள் இன்றும் மாட்டுக்கொட்டகையிலும் பம்புசெட் அறையின் ஓரத்திலும் நிற்கின்றன. சில இன்னும் ஓடுகின்றன. உரிமையாளரைக் கேட்டால் ‘மேஸி’, ‘ஃபோர்டு’, ‘இன்டர்நேஷனல்’ என்று கம்பெனிப் பெயர் உடனே வரும். மாடல் பெயர் வராது. கிளச் பிளேட்டோ ஹைட்ராலிக் பம்புக்கான உதிரிப் பாகமோ வாங்கக் கடைக்குப் போனால்தான், “எந்த மேஸி?” என்ற கேள்வி எழுகிறது. அவரவர் நேரில் பார்த்து உறுதி செய்த வண்டிகளைப் பற்றி, எந்த அடையாளத்தை வைத்து முடிவுக்கு வந்தீர்கள் என்பதோடு, இந்த இழையில் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன். முதலில் என்னுடையதைச் சொல்லிவிடுகிறேன்.

மேல்பட்டிக்கு அருகில் உறவுக்காரர் ஒருவரின் கொல்லையில் நிற்கும் வண்டி அது. முழுவதும் சிவப்பு. பானெட்டில் பெயர்ப்பலகை இல்லை. ஸ்டீயரிங்கின் கீழே எண் தகடு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ரிவெட் ஓட்டைகள் மட்டும் இருந்தன. வீட்டில் அனைவரும் அதை மேஸி என்றே சொல்கிறார்கள். ஆனால் அந்த வீட்டுப் பெரியவர், “வாங்கி வந்தபோது சாம்பல் நிறமாக இருந்தது, தம்பி. சிவப்பு அப்புறம் நாங்கள் அடித்தது” என்றார். சாம்பல் நிறம் என்றதும் எனக்கு முதலில் தோன்றியது ஃபெர்குசன் டி.இ.20 என்னும் மாடல். 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கவென்ட்ரியில் ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரான வண்டி அது. பழைய சாம்பல் நிற டிராக்டர் எதைப் பார்த்தாலும் அந்தப் பெயரைச் சொல்லிவிடும் பழக்கம் பலருக்கு உண்டு.

அந்த எண்ணம் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தவுடன் அடிபட்டுப் போயிற்று. டி.இ.20க்கு முன்பக்கம் செல்ல நான்கு கியர்கள் மட்டுமே உண்டு. கியர் லீவரை ஸ்டார்ட் நிலைக்குத் தள்ளித்தான் இன்ஜினை எழுப்ப வேண்டும். இந்த வண்டியிலோ கியர் லீவரோடு ஹை, லோ என்று மாற்றும் இன்னொரு லீவரும் இருந்தது. மூன்று கியரும் இரண்டு நிலையும் சேர்ந்து முன்பக்கம் ஆறு வேகம். ஆகவே இது 35 என்னும் அடுத்த மாடல் என்பது உறுதியாயிற்று. ஆனால் 35 என்பதும் ஒன்றல்ல. 1956இல் வெளிவந்தபோது அதன் பெயர் ஃபெர்குசன் 35. மேல்தகடுகள் சாம்பல் நிறம், இன்ஜினும் கியர் பாக்ஸும் வெண்கல நிறம். 1957ஆம் ஆண்டின் இறுதியில்தான் மேஸி ஃபெர்குசன் 35 என்ற பெயரும் சிவப்பு நிறமும் வந்தன. பிற்காலத்தில் சென்னையில் டாஃபே நிறுவனத்தாரின் மேஸிகளும் இதே உருவ மரபைத் தொடர்ந்தன. கொட்டகை இருட்டில் தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்று போலத்தான் தெரியும்.

பானெட்டைச் சுரண்டிப் பார்ப்பதில் பயனில்லை என்று முடிவு செய்தேன். பானெட்டும் மட்கார்டும் எந்த ஊரிலும் எந்தப் பட்டறையிலும் மாற்றப்படக் கூடியவை. கால் வைக்கும் பலகையைத் தாங்கும் இரும்புப் பட்டை கியர் பாக்ஸோடு சேரும் இடத்தில் கிரீசும் புழுதியும் கலந்து விரல் தடிமனுக்கு இறுகிப்போயிருந்தன. அதை மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, மரக்குச்சியால் பெயர்த்தேன். உளியோ கம்பி பிரஷ்ஷோ போட்டிருந்தால் அழுக்கோடு அடையாளமும் போயிருக்கும். சிவப்புக்குக் கீழே ஒரு மங்கிய பூச்சு, அதற்கும் கீழே பழைய குத்துவிளக்கை நினைவூட்டும் ஒரு நிறம். பட்டையின் போல்ட்டைக் கழற்றி உள்பக்கம் பார்த்தபோது, அந்த வெண்கல நிறம் இரும்போடு ஒட்டிப் பளிச்சென்று இருந்தது. எனவே இது 1956, 57 காலத்து ஃபெர்குசன் 35.

ஒரு சிக்கல் மட்டும் மிஞ்சியது. அந்த ஆண்டுகளில் ஃபெர்குசன் 35இன் டீசல் வண்டிக்கு ஸ்டாண்டர்ட் கம்பெனியின் நான்கு சிலிண்டர் இன்ஜின்தான் பொருத்தினார்கள். பெர்கின்ஸ் மூன்று சிலிண்டர் இன்ஜின் 1959இன் இறுதியில்தான் அந்த மாடலுக்கு வந்தது. இங்கே எண்ணிப் பார்த்தால், சிலிண்டருக்கு ஒன்றாக டீசலைத் தெளிக்கும் நாசில்கள் மூன்றுதான். பிளாக்கின் பக்கவாட்டில் சிம்சன் என்ற பெயர். சென்னையில் சிம்சன் கம்பெனியார் பெர்கின்ஸ் வகை டீசல் இன்ஜின்களைச் செய்தவர்கள் என்பது இங்கே பலருக்கும் தெரியும். குளிரில் எழும்ப மறுக்கும் நான்கு சிலிண்டரோடு போராடிச் சலித்து, யாரோ ஒரு மெக்கானிக் இதை மாற்றியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். அந்த இன்ஜினைப் பற்றி இந்தக் குறையைக் கேட்காத பழைய மெக்கானிக் இல்லை. பெரியவருக்கு இன்ஜின் மாற்றியது நினைவில்லை. அவர் மகனுக்கு நினைவிருந்தது.

காட்பாடியிலிருந்து:

மேலே எழுதிய நண்பருக்கு ஒரு கேள்வி. வெண்கல நிறத்தையும் இடையில் யாராவது பூசியிருக்கலாம் அல்லவா? போல்ட்டுக்கு உள்ளே தூரிகை எட்டாது என்பதால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தச் சோதனையை மட்டும் வைத்து யாரும் முடிவு செய்துவிட வேண்டாம்.

நான் பார்த்தது பொன்னை ஆற்றோரம் மணிலா பயிரிடும் ஒரு விவசாயியின் வண்டி. மஹிந்திரா என்று சொல்லித்தான் காட்டினார்கள். கிரில்லில் ஒட்டியிருந்த எழுத்தும் மஹிந்திராதான். ஆனால் எண் தகட்டில் வேறு பெயர் இருந்தது. தகடு பலமுறை பெயிண்ட் பூசப்பட்டு எழுத்துகள் மேடு தெரியாமல் மூழ்கிக் கிடந்தன. தின்னரில் நனைத்த பழந்துணியால் மேல்பூச்சை மட்டும் மெல்லத் துடைத்து, சாக்பீஸைப் படுக்கவைத்துத் தேய்த்து, டார்ச்சைத் தகட்டுக்கு இணையாகப் பக்கவாட்டில் பிடித்தபோது, மேடான எழுத்துகளின் மேல் மட்டும் வெள்ளைப் பொடி ஒட்டி வரி வரியாகத் துலங்கியது: இன்டர்நேஷனல் டிராக்டர் கம்பெனி ஆஃப் இந்தியா.

இந்தப் பெயர் ஒரு காலக்கணக்கு. மஹிந்திராவும் அமெரிக்காவின் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரும் வோல்டாஸும் சேர்ந்து 1963இல் அந்தக் கம்பெனியைத் தொடங்கினார்கள். 1977இல் அது மஹிந்திராவோடு இணைந்துவிட்டது. ஆகவே தகட்டில் இந்தப் பெயர் இருந்தால் வண்டி இணைப்புக்கு முந்தையது. கிரில்லில் உள்ள எழுத்து பின்னால் வந்தது. மாடலைப் பொறுத்தவரை பி-250ஆ, பி-275ஆ என்ற ஐயம் சிலருக்கு வருவதுண்டு. இங்கிலாந்தில் 1956இல் வந்த பி-250க்கு முன்பக்கம் ஐந்து கியர்கள். 1958இல் வந்த பி-275க்கு எட்டு. இந்தியாவில் தயாரானது பி-275. இரண்டுக்கும் பானெட்டின் உருவம் ஏறக்குறைய ஒன்று என்பதால், புகைப்படத்தை மட்டும் அனுப்பி “இது எந்த மாடல்?” என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. கியர் லீவரின் குமிழில் பொறித்திருக்கும் வரைபடத்தையோ, அது தேய்ந்திருந்தால் ஓட்டுபவரின் வாய்மொழியையோ கேட்ட பிறகுதான் பேசுவேன்.

ஆர்.சி. புத்தகத்தைப் பற்றியும் ஒரு சொல். பதிவான ஆண்டும் தயாரான ஆண்டும் ஒன்றாகவே இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. விற்பனைக்கு வந்து காத்திருந்த வண்டி அடுத்த ஆண்டில் பதிவாகியிருக்கலாம். தயாரான ஆண்டுக்குத் தனிக் கட்டம் உண்டு. சிலிண்டர்களின் எண்ணிக்கைக்கும் உண்டு. பலர் பார்க்காமல் விடுவது அந்தச் சிலிண்டர் கட்டத்தைத்தான்.

வாலாஜாப்பேட்டையிலிருந்து:

என்னுடையது சிறிய செய்தி. பழைய இரும்புக் கடையில் ஒரு நீல நிற வண்டியின் பாகங்கள் குவிந்து கிடந்தன; சக்கர வட்டுகளில் ஆரஞ்சு நிறம் எஞ்சியிருந்ததால் ஃபோர்ட்சன் என்பது தெரிந்தது. பிளாக்கில் மூன்று சிலிண்டர்கள். ஆகவே நான்கு சிலிண்டர் கொண்ட மேஜர் வகை அன்று, டெக்ஸ்டா வகை. 1957 முதல் 1964 வரை வந்த அந்த வகையில் முதலில் டெக்ஸ்டா, 1961 முதல் சூப்பர் டெக்ஸ்டா. சூப்பருக்கு முகப்பு விளக்குகள் கிரில்லுக்குள்ளேயே அமைந்திருக்கும். குவியலின் அடியில் கிடந்த கிரில்லைப் புரட்டியபோது விளக்கு வட்டங்கள் இரண்டும் அதிலேயே இருந்தன. அந்தக் கிரில் அந்த வண்டியுடையதுதானா என்பதற்கு என்னிடம் சான்றில்லை. ஆகவே நான் அதைச் சூப்பர் டெக்ஸ்டா என்று எழுதவில்லை, டெக்ஸ்டா வகை என்று மட்டும் எழுதுகிறேன்.

ஆரணியிலிருந்து:

வாலாஜா நண்பரின் நிதானம் எனக்குப் பிடித்திருக்கிறது. அது எல்லோரிடமும் இருப்பதில்லை என்பதற்கு என் அனுபவமே சான்று.

நெல் அறுவடைக்குப் பிறகு விற்பனைக்கு வந்த ஒரு ஃபோர்டு வண்டியை வாங்கலாமா என்று பார்க்க என்னை அழைத்திருந்தார்கள். பானெட் 3600 மாடலுக்குரிய கட்டமான முகம். பக்கத்தில் ஒட்டிய ஸ்டிக்கரும் 3600. விற்பவர் அந்த விலைதான் கேட்டார். என்னோடு வந்த பட்டறைக்காரர் ஒருவர், இரும்புக் கூடான ஹவுசிங்கின் வார்ப்பில் மேடாக இருந்த எண்ணைத் தடவிப் பார்த்துவிட்டு, “சி5என்என் என்று தொடங்குகிறது, ஆகவே இது 1965ஆம் வருடத்து வண்டி” என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். பாதி சரி, பாதி தவறு. ஃபோர்டின் பாக எண்களில் முதலெழுத்து பத்தாண்டைக் குறிக்கும்: சி என்றால் அறுபதுகள், டி என்றால் எழுபதுகள். அடுத்த இலக்கம் அந்தப் பத்தாண்டுக்குள் எந்த ஆண்டு என்பதைச் சொல்லும். ஆனால் அது அந்தப் பாகம் வடிவமைக்கப்பட்ட ஆண்டு. வார்க்கப்பட்ட ஆண்டு அன்று. 1965இல் வடிவமைத்த ஹவுசிங்கைப் பல ஆண்டுகள் கழித்தும் அதே எண்ணோடு வார்த்திருப்பார்கள்.

தயாரான நாளைச் சொல்லும் குறியீடு தனியாகக் குத்தியிருக்கும். முதல் இலக்கம் ஆண்டின் கடைசி எண், அடுத்து மாதத்துக்கு ஓர் எழுத்து, பிறகு தேதி. ஸ்டார்ட்டர் மோட்டார் இருக்கும் பக்கத்தைச் சுத்தம் செய்து பார்த்தபோது, முதல் இலக்கம் 2 என்று தெரிந்தது. ஆண்டின் கடைசி எண்ணை மட்டும் தருவதால் 1972ஆகவும் இருக்கலாம், 1982ஆகவும் இருக்கலாம். இங்கேதான் மற்ற அடையாளங்கள் கைகொடுத்தன. ஃபோர்டு 3000 மாடலின் காலம் 1975ஓடு முடிந்து 3600 வந்தது. வார்ப்பு எண்களில் நான் பார்த்தவரை டி எழுத்தில் தொடங்குவது எதுவும் 1972ஐத் தாண்டவில்லை. ஆர்.சி.யைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அதில் 1972, மாடல் 3000 என்றே இருந்தது. ஸ்டிக்கருக்கும் பானெட்டுக்கும் ஒரு விலை, வண்டிக்கு ஒரு விலை என்று பேசி முடித்தார்கள். விற்றவர் ஏமாற்ற நினைத்தார் என்று நான் கருதவில்லை. அவரும் இந்தப் பானெட்டோடுதான் வாங்கியிருக்கிறார்.

பட்டறைக்காரர்கள்மீது எனக்கு மதிப்பு உண்டு. காதால் கேட்டே எந்த நாசில் அடைத்திருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் மாடலைக் கேட்டால், தங்கள் கைக்கு அதிகம் வந்த மாடலின் பெயரைச் சொல்லும் வழக்கம் அவர்களில் பலருக்கு உண்டு.

ஒடுகத்தூரிலிருந்து:

குடியாத்தத்து அண்ணனுக்கு ஒன்று. இன்ஜின் மாற்றிய வண்டியென்றால் ஆர்.சி.யில் உள்ள இன்ஜின் எண்ணும் பிளாக்கில் உள்ள எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்தீர்களா? மாற்றியதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிந்திருக்காவிட்டால், நாளை கைமாறும்போது வாங்குபவர் திண்டாட நேரிடும். மேலும், மாடல் உறுதியான பிறகு கிளச் பிளேட் எளிதில் கிடைத்ததா?

குடியாத்தத்திலிருந்து:

எண் ஒத்துப்போகவில்லை, தம்பி. நான்கு சிலிண்டர் காலத்து எண்தான் புத்தகத்தில் இருக்கிறது. பெரியவரின் மகன் இப்போது அதைப் பதியும் வேலையைத் தொடங்கியிருக்கிறார். ஆர்.சி.யில் சிலிண்டர் கட்டத்தில் 4 என்று இருப்பது, இன்ஜின் பின்னால் மாறியது என்ற என் முடிவுக்கு வலுச் சேர்க்கிறது. காட்பாடி நண்பருக்கு நன்றி.

கிளச் விஷயத்தில் மாடல் பெயர் மட்டும் போதவில்லை. ஃபெர்குசன் 35இல் ஒற்றைக் கிளச் கொண்டதும் உண்டு, இரட்டைக் கிளச் கொண்டதும் உண்டு. வண்டியைப் பிளக்காமலே இதைச் சோதித்துவிடலாம். இன்ஜினை ஓடவிட்டு, பின்னால் இணைக்கும் கருவிகளைச் சுழற்றும் தண்டான பி.டி.ஓ.வைச் சேர்த்து, கிளச் பெடலைப் பாதி மட்டும் மிதிக்க வேண்டும். வண்டி நின்று, பின்னால் பி.டி.ஓ. தண்டு மட்டும் சுழன்றுகொண்டே இருந்தால் இரட்டை. முழுவதும் மிதித்தால்தான் தண்டு நிற்கும். சோதனையின்போது தண்டின் அருகே வேட்டியோடு யாரும் நிற்க விடாதீர்கள். இந்த வண்டியில் பாதி மிதித்தபோது தண்டு சுற்றிக்கொண்டேயிருந்தது. இரட்டைக் கிளச் என்று சொல்லி, சிம்சன் இன்ஜின் போட்டது என்பதையும் சேர்த்துச் சொன்ன பிறகு, வேலூர்க் கடையில் இரண்டு பிளேட்டுகளையும் எடுத்துக் கொடுத்தார்கள். பழைய பிளேட்டைக் கையில் கொண்டுபோய்ப் பல்லை எண்ணி ஒப்பிட்டுத்தான் வாங்கினோம்.