லோட்டே லாசர்ஸ்டைனோட பாஸ்டல் போர்ட்ரெயிட்: பெர்லின்ல இருந்த கை ஸ்வீடன்ல காணாமப் போச்சா?

கரித்துண்டு:

எல்லாருக்கும் வணக்கம். ஒரு ஏல கேட்டலாக்ல ஜெர்மன் ஓவியர் லோட்டே லாசர்ஸ்டைன் பாஸ்டல்ல, அதாவது கலர் பொடிக் குச்சில, வரைஞ்ச ஒரு போர்ட்ரெயிட் பார்த்தேன், அவங்க ஸ்வீடன்ல இருந்த காலத்துல பண்ணது. ஒரு சின்னப் பொண்ணு, கொஞ்சம் பக்கவாட்டுல திரும்பின முகம், பழுப்பு பேப்பர். கண்ணும் நெத்தியும் அவ்வளவு உறுதியா நிக்குது, ஆனா சட்டை மூணு நாலு கோட்டோட நின்னுருது, கீழ வெறும் பேப்பர்தான். எனக்கு ரொம்பப் பிடிச்சது, திரும்பத் திரும்பப் பார்த்துட்டே இருந்தேன்.

இவங்க பெர்லின் ஆயில் பெயின்டிங் சிலது எனக்கு முன்னாடியே தெரியும், பவுடர் டப்பா கண்ணாடியைப் பார்த்துட்டு இருக்கற ரஷ்யப் பொண்ணு, அப்புறம் அந்த 'பாட்ஸ்டம் மேல் மாலை' (பெர்லின் பக்கத்துல பாட்ஸ்டம் ஊர், சாயங்கால நேரம்). அதெல்லாம் பார்த்துட்டு இதைப் பார்த்தா வேற ஆள் வரைஞ்ச மாதிரி இருக்கு. ஜெர்மனியை விட்டுப் போனதுக்கு அப்புறம் இவங்க வெறும் ஆர்டர் எடுத்து வரையறவங்களா ஆயிட்டாங்க, பெரிய வேலை எல்லாம் 1933க்கு முன்னாடியோட முடிஞ்சுதுன்னு பல இடத்துல எழுதறாங்க. அது நியாயமான பேச்சா? அவங்க வாழ்க்கையைப் பத்தி விவரமா தெரிஞ்சவங்க சொல்லுங்க. ஏன் பாஸ்டலுக்கு வந்தாங்கன்னும் தெரிஞ்சுக்கணும்.

மேகவண்ணன்:

லாசர்ஸ்டைன் பத்தி தமிழ்ல ஒருத்தர் கேக்கறதே சந்தோஷமா இருக்கு, கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

பிறந்தது 1898, கிழக்கு பிரஷ்யால பிரய்சிஷ் ஹோலண்ட்னு ஒரு சின்ன ஊர், இப்ப போலந்துல இருக்கு. அப்பா பார்மசிஸ்ட், இவங்க சின்னக் குழந்தையா இருக்கும்போதே இறந்துட்டார். அம்மா மேட்டா ரெண்டு பொண்ணுங்களையும் கூட்டிட்டு டான்ஸிக்ல தன்னோட அம்மா வீட்டுக்குப் போயிட்டாங்க, அங்க சித்தி எல்சா பிர்ன்பாம் ஒரு ஓவியப் பள்ளி நடத்தினாங்க, லோட்டே முதல்ல கத்துக்கிட்டது அங்கதான். பெண்களே வீட்டை நடத்தி, பெண்ணே படம் சொல்லிக் குடுத்து சம்பாதிச்ச சூழல்ல வளர்ந்தவங்க, அதனால ஓவியத்தை வெச்சுப் பிழைக்கறது அவங்களுக்கு சின்ன வயசுலயே பழகின விஷயம். இதை மனசுல வெச்சுக்குங்க, பின்னாடி வரும்.

பெர்லின் அகாடமி பெண்களைச் சேர்த்துக்க ஆரம்பிச்சது 1919லதான். இவங்க 1921ல சேர்ந்து 1927 வரைக்கும் எரிக் வோல்ஃப்ஸ்ஃபெல்ட் கிட்ட படிச்சாங்க, 1925ல அகாடமியோட தங்க மெடல் கிடைச்சுது. படிப்பு முடிஞ்ச கையோட சொந்த ஸ்டுடியோ, கூடவே ஒரு பெயின்டிங் ஸ்கூல். அடுத்த மூணு நாலு வருஷம்தான் அந்தப் பெரிய படங்கள் எல்லாம். நீங்க சொன்ன ரஷ்யப் பொண்ணு 1928, எலிடான்னு ஒரு அழகுசாதன கம்பெனி அழகான ஜெர்மன் பெண் போர்ட்ரெயிட்டுக்கு நடத்தின போட்டிக்காக வரைஞ்சது, கடைசிச் சுற்று வரைக்கும் போச்சு. 'பாட்ஸ்டம் மேல் மாலை' 1930, ரெண்டு மீட்டருக்கு மேல அகலம். 1931ல குர்லிட் கேலரில தனிக் கண்காட்சி.

அப்புறம் ஹிட்லர் வந்தாச்சு. இவங்க ஞானஸ்நானம் வாங்கினவங்கதான், ஆனா தாத்தா பாட்டில மூணு பேர் யூதர்கள், நாஜி சட்டக் கணக்குப்படி இவங்க யூதர். கண்காட்சில வைக்க முடியாது, ஓவியர் சங்கத்துல இருந்து வெளிய, 1935ல ஸ்கூலும் மூடியாச்சு, ஒரு தனியார் யூதப் பள்ளியில டிராயிங் டீச்சரா இருந்தாங்க. 1937 டிசம்பர்ல ஸ்டாக்ஹோம்ல கேலரி மாடர்ன் இவங்களுக்கு ஒரு கண்காட்சி ஏற்பாடு பண்ணாங்க. அதுக்குன்னு சொல்லி முக்கியமான படங்களை எல்லாம் கூட எடுத்துட்டுப் போனாங்க, போனவங்க திரும்பல. அந்தப் படங்கள் இன்னைக்கு நம்ம கண்ணுக்குக் கிடைக்கறதே அதனாலதான். 1938ல ஸ்வென் மார்கஸ்ங்கறவரோட குடியுரிமைக்காக ஒரு பேப்பர் கல்யாணம், சேர்ந்து வாழல.

அம்மாவையும் தங்கச்சி கேத்தேவையும் ஸ்வீடனுக்குக் கூப்பிட எவ்வளவோ பார்த்தாங்க, முடியல. அம்மா 1943ல ராவென்ஸ்ப்ரூக்னு நாஜி வதை முகாம்ல இறந்துட்டாங்க. தங்கச்சி பெர்லின்லயே மறைஞ்சிருந்து உயிர் தப்பினாங்க. நீங்க பார்த்த மாதிரி குழந்தை போர்ட்ரெயிட்டுகள் பல இந்தத் துக்கத்துக்கு நடுவுலயும் அதுக்குப் பின்னாடியும் வரைஞ்சதுதான்னு ஞாபகம் வெச்சுட்டுப் பாருங்க.

சுண்ணக்கோல்:

மேகவண்ணன் சார் வாழ்க்கையை நல்லா சொல்லிட்டார், நான் பாஸ்டல் பத்தி மட்டும் சொல்றேன், தினமும் அதுலதான் வேலை பண்றேன்.

நாடு மாறி வந்து முகம் வரைஞ்சு பிழைக்கணும்னா பாஸ்டலை விட வசதியானது கிடையாது. பாஸ்டல்ல எண்ணெயே இல்ல, கலர் பொடியும் அதைக் குச்சியா பிடிச்சு வைக்க ஒரு துளி பிசினும்தான், அதனால காயறதுக்குன்னு காத்திருக்க வேண்டாம். ஆயில்ல ஒரு லேயர் காய நாள் கணக்காகும், அப்புறம் மறுபடி அந்த ஆளை வந்து உக்காரச் சொல்லணும். லாசர்ஸ்டைன் பணக்காரக் குடும்பங்களோட வீட்டுக்கும் பண்ணை மாளிகைக்கும் போய் அங்கயே தங்கி வரைஞ்சவங்க, அங்க டர்பன்டைன் வாசம் இல்லாம ஒரு பெட்டி குச்சியும் ஒரு பலகையும் பேப்பரும் போதும். குழந்தைன்னா இன்னும் முக்கியம், பத்து நிமிஷம் ஒழுங்கா உக்காந்தாலே பெருசு, அந்தப் பத்து நிமிஷத்துல நெத்தி, கண்குழி, மூக்கோட திருப்பம் இதைப் பிடிச்சாகணும்.

சட்டை பாதில நிக்கறதைப் பத்தி கேட்டீங்கல்ல கரித்துண்டு, அது அவசரத்துல விட்டதா எனக்குத் தோணல. பழுப்பு பேப்பர் எடுக்கறதே அதுக்குத்தான். பேப்பர் கலரே நடு டோனா நிக்கும், அதுக்கு மேல வெளிச்சத்துக்கு ஒரு குச்சி, நிழலுக்கு ஒரு குச்சி, எங்க பேப்பரை சும்மா விடணும்னு தெரிஞ்சவங்களுக்குத்தான் அது உக்காரும். அவங்க வாத்தியார் வோல்ஃப்ஸ்ஃபெல்ட் பேப்பர் மேலயே ஆயில் வரையறவர், இவங்களும் பெர்லின்லயே அதை நிறையப் பண்ணியிருக்காங்க. அதனால வெறும் பேப்பரை விட்டு வைக்கற துணிச்சல் ஸ்வீடன்ல வந்த சோர்வு இல்ல, அகாடமிலயே பழகினது. நீங்க வேற கை மாதிரி இருக்குன்னு சொன்னீங்க, நான் அந்த ரஷ்யப் பொண்ணோட கன்னத்தையும் இந்தப் பொண்ணுங்க கன்னத்தையும் பக்கத்துல வெச்சுப் பாருங்கன்னு சொல்வேன், எலும்பு எங்க இருக்குன்னு தேடற கண்ணு ரெண்டுலயும் ஒண்ணுதான்.

இன்னொண்ணு, பாஸ்டல்னாலே சின்ன வேலைங்கற நினைப்பு எங்க இருந்து வந்துதுன்னே புரியல. ட்ரெஸ்டன்ல லியோட்டார் வரைஞ்ச சாக்லெட் பொண்ணு பாஸ்டல், ரொசால்பா கரியேரா ஐரோப்பா முழுக்கப் பேர் வாங்கினது பாஸ்டலுக்காக, மேரி கசாட் வரைஞ்ச குழந்தைங்க பாதிக்கு மேல மனசுல நிக்கறது பாஸ்டல்லதான். அவங்களை யாரும் இப்படிக் குறைச்சுப் பேசறதில்ல.

நிலவறை:

சுண்ணக்கோல் அக்கா சொல்றதுல டெக்னிக் பத்தி மறுப்பு இல்ல. ஆனா கை ஒண்ணுதான்னு சொல்லி நடந்த இழப்பை சின்னதாக்கிடக் கூடாதுங்கறது என் கருத்து.

1928ல வரைஞ்ச 'என் ஸ்டுடியோவில்' படத்தை எடுத்துக்குங்க. முன்னாடி ட்ராவுட்டெ ரோஸ் ஆடையில்லாம படுத்திருக்காங்க, பின்னாடி லாசர்ஸ்டைன் வேலை பண்ணிட்டு இருக்காங்க, ஜன்னலுக்கு வெளிய பனி விழுந்த பெர்லின் கூரைகள். வரையறவங்க, மாடல், நகரம், மூணும் ஒரே படத்துல. யாரை வரையணும், எப்படி வரையணும்னு முழுசா அவங்க முடிவு. ட்ராவுட்டெ வெறும் மாடல் இல்ல, உயிர்த் தோழி, டென்னிஸ் ஆடறவங்களா, குளிச்சு வந்தவங்களா, எத்தனையோ விதமா அவங்களை வரைஞ்சிருக்காங்க. ஸ்வீடன்ல அந்தத் தோழி இல்ல, அந்த நகரம் இல்ல. காசு குடுக்கறவங்க வீட்டுக் குழந்தை, அது அம்மா அப்பாவுக்குப் பிடிச்ச மாதிரி வரணும், உருவ ஒற்றுமை இருக்கணும், கொஞ்சம் இனிமையா இருக்கணும். இவ்வளவு திறமை இருக்கற ஒருத்தரை வருஷக்கணக்கா இப்படி ஆர்டருக்குள்ள அடைச்சு வெச்சது நாஜி ஆட்சி பண்ண கொடுமைதான், அதை மறக்கக் கூடாது.

போர் முடிஞ்சாலும் நிலைமை மாறல. அப்ப ஐரோப்பா முழுக்க உருவமே இல்லாத அரூப ஓவியம்தான் பேச்சு, முகத்தை முகமா வரையறவங்களை யாரும் திரும்பிப் பார்க்கல. 1954ல ஸ்வீடன்லயே கல்மார்ங்கற ஊருக்குக் குடிபோய் அங்கயே இருந்துட்டாங்க. 1987ல லண்டன்ல அக்னியூஸும் பெல்கிரேவ் கேலரியும் சேர்ந்து கண்காட்சி வெச்சப்பதான் உலகம் மறுபடி பார்த்துது, அப்ப அவங்க 90 வயசை நெருங்கிட்டாங்க. 1993ல கல்மார்லயே இறந்தாங்க.

கரித்துண்டு:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கல. நிலவறை, நீங்க சொன்னதைப் படிச்சுட்டு ஒரு கேள்வி, ஸ்வீடன்ல ஆர்டர் இல்லாம தனக்காக எதுவுமே வரையலையா?

மேகவண்ணன்:

வரைஞ்சாங்க, நிறைய! அதைத்தான் சொல்ல வந்தேன். முதல்ல தன்னையே, எல்லா வயசுலயும். அதுல 1950ல வரைஞ்ச ஒரு செல்ஃப் போர்ட்ரெயிட்ல பின்னாடி 'பாட்ஸ்டம் மேல் மாலை' இருக்கு. அந்தப் பழைய படத்தை ரொம்ப வருஷம் தன்கிட்டயே வெச்சிருந்தாங்க. மொட்டைமாடில நண்பர்கள் மேஜையைச் சுத்தி உக்காந்திருக்காங்க, யாரும் பேசல, பின்னாடி ஊர். 1930ல அதை வரைஞ்சவங்க 20 வருஷம் கழிச்சு அதுக்கு முன்னாடி பிரஷ்ஷோட நின்னு நம்மளை நேராப் பார்க்கறாங்க. ஸ்வீடன்ல பெரிய வேலையே இல்லன்னு சொல்றவங்க இந்த ஒரு படத்தைப் பார்த்துட்டுப் பேசணும்.

அப்புறம் தன்னை மாதிரியே ஊரை விட்டு வந்தவங்களை வரைஞ்சாங்க, டாக்டர் வால்டர் லிண்டந்தாலை வரைஞ்ச படத்துக்கு 'புலம்பெயர்ந்தவர்'னு பொருள்பட பேர் வெச்சாங்க. அதுல இனிமை கிடையாது, ஒரு மனுஷன் கோட்டுக்குள்ள சுருங்கி உக்காந்திருக்கார். ஆர்டருக்கு வரைஞ்சு சம்பாதிச்சதாலதான் இதுக்கெல்லாம் நேரமும் கேன்வாஸும் கிடைச்சுது. நான் முதல்ல சொன்ன சித்தியோட பள்ளி இங்கதான் வருது, படம் வித்து வாழறதை அவங்க கேவலமா நினைச்சு வளரல. ஆர்டர் வேலையை அடைப்புன்னு நிலவறை சொல்றார், எனக்கு அது அவங்க தன்னைக் காப்பாத்திக்கிட்ட வழியாத்தான் தெரியுது.

நிலவறை:

அந்த 1950 படத்தைப் பத்தி சொன்னதை ஏத்துக்கறேன், அது பெரிய படம்தான். இழப்பு பத்தி சொன்னதுல மாற்றம் இல்ல. அந்த மாதிரி படம் இன்னும் நூறு வந்திருக்கணும்.

சுண்ணக்கோல்:

கரித்துண்டு, நேர்ல பார்க்கணும்னா ரஷ்யப் பொண்ணு ஃப்ராங்ஃபர்ட் ஸ்டேடல் மியூசியத்துல, 'பாட்ஸ்டம் மேல் மாலை'யை 2010ல பெர்லின் நேஷனல் கேலரி வாங்கிட்டாங்க, பூனையோட இருக்கற செல்ஃப் போர்ட்ரெயிட் இங்கிலாந்துல லெஸ்டர்ல இருக்கு. பாஸ்டல் மட்டும் மியூசியத்துல எப்பவும் மாட்டியிருக்க மாட்டாங்க, வெளிச்சத்துல சில கலர் வெளுத்துரும், அதிர்வுல பொடி உதிரும், அதனால போறதுக்கு முன்னாடி கேட்டுட்டுப் போங்க.

ஒருவேளை அந்த ஏலப் படத்தை வாங்கற எண்ணம் இருந்தா ரெண்டு விஷயம் கேளுங்க. கண்ணாடிக்கும் பேப்பருக்கும் நடுவுல இடைவெளி விட்டு ஃப்ரேம் பண்ணியிருக்கான்னு, ஒட்டியிருந்தா பொடி கண்ணாடில ஏறிடும். அப்புறம் வரைஞ்சு முடிச்ச பிறகு யாராவது ஃபிக்ஸேடிவ் (பொடி உதிராம இருக்க அடிக்கற ஸ்ப்ரே) அடிச்சிருக்காங்களான்னு, அதிகமா அடிச்சா வெளிச்சமான இடம் எல்லாம் மங்கிப் போயிரும், நீங்க சொன்ன அந்த நெத்தி மாதிரி இடம்தான் முதல்ல போகும். போட்டோல வேண்டாம், சாய்வான வெளிச்சத்துல நேர்ல பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.