புதுப்பிப்பு: அந்த 4.6 விநாடி ஜிடிஓ

1964 போன்டியாக் ஜிடிஓ என்ற அமெரிக்கக் காரை கார் அண்ட் டிரைவர் பத்திரிகை ஓட்டிப் பார்த்து, மணிக்கு 60 மைல் வேகத்தை 4.6 விநாடியில் தொட்டதாக எழுதியதைப் போன பதிவில் சொல்லியிருந்தேன். நம்பலாமா என்று பலர் கேட்டிருந்தீர்கள்.

சரி, விஷயம் இதுதான். அதே சோதனையில், கால் மைல் ஓட்டத்தின் முடிவில் அந்தக் கார் எட்டிய வேகம் மணிக்கு 115 மைல். நல்ல டயரும் கைதேர்ந்த ஓட்டுநரும் இருந்தால் நேரத்தைக் குறைத்துவிடலாம், ஆனால் முடிவு வேகம் ஏற என்ஜினில் பலம் வேண்டும், அதுவும் 348 குதிரைத்திறன் என்று விளம்பரம் செய்த 389 கன அங்குல என்ஜினுக்கு அது ரொம்பவே அதிகம் (அந்த 348கூட என்ஜினைத் தனியாகச் சோதனை மேடையில் வைத்து, சைலன்சர் இல்லாமல் அளந்த கணக்கு, காரில் பொருத்தியபடி அளந்து சொல்லும் வழக்கம் 1972 வாக்கில்தான் வந்தது).

சோதித்த காரின் உள்ளே இருந்தது 389 இல்லை, அதைவிடப் பெரிய 421 கன அங்குல என்ஜின் என்று போன்டியாக்கின் விளம்பரத்தைக் கவனித்த ஜிம் வாங்கர்ஸே பல வருடம் கழித்துச் சொல்லிவிட்டார். பத்திரிகையின் அட்டையில் ஜிடிஓவுக்குப் போட்டியாகப் போட்ட ஃபெராரி சோதனைக்கே வரவில்லை.

எனக்கு இன்னமும் அசல் 389தான் பிடிக்கும். வரிசையாக மூன்று கார்புரேட்டர், நிதானமாகப் போனால் நடுவில் உள்ளது மட்டும் வேலை செய்யும், அழுத்தி மிதித்தால் ஓரத்து இரண்டும் திறந்துகொள்ளும். அப்புறம் அந்தச் சத்தம், அடடா!