டாப்னியா கன்ட்ரோலிலேயே சாகிறது, என்ன தவறு?

நொய்யல்கரை:
எம்.எஸ்சி. புராஜெக்டுக்குச் சாயக்கழிவு நீரைச் சோதிக்கிறேன். ஓஇசிடி என்ற சர்வதேச அமைப்பின் 202 முறை: டாப்னியா மேக்னா என்ற சிறு நீர்த்தெள்ளுப்பூச்சியை 48 மணி நேரம் விட்டு, எத்தனை அசையாமல் போகின்றன என்று பார்ப்பது. குவளைக்கு ஐந்து குஞ்சாக நான்கு குவளை. சாயநீரே சேராத கன்ட்ரோலில் 20க்கு 6 அசையாமல் கிடக்கின்றன, அதுவும் மூன்று முறை. வளர்ப்புத் தொட்டியில் சிலவற்றின் முதுகில் சேணம் கட்டியதுபோல் கறுப்பாகத் தெரிகிறது. நோயா? குழாய்த் தண்ணீரை ஒரு ராத்திரி திறந்து வைத்துவிட்டுப் பயன்படுத்துகிறேன். ஏசி இல்லை. கைடு ஜீப்ரா மீனுக்கு மாறச் சொல்கிறார்.

மீன்தொட்டி:
தண்ணீரில் குளோரின் மிச்சம் இருக்கும். காற்றுக்கல் போட்டு இரண்டு மூன்று நாள் ஓடவிட்டு, குளோரின் கிட்டில் பார்த்த பிறகு ஊற்றுங்கள்.

பழைய ஆய்வகம்:
தம்பி, அது நோய் இல்லை, உறைமுட்டைப் பை. தீனியும் இடமும் தாராளமாக இருந்தால் பெண்கள் ஆண் இல்லாமலே பெண்களைப் பெற்றுக்கொண்டே இருக்கும். நெருக்கடி வந்தால்தான் ஆண் பிறக்கும், இந்த முட்டை வரும். உங்கள் தொட்டி முதலிலிருந்தே தவிக்கிறது. கூட்டத்தைக் குறையுங்கள், 18 முதல் 22 டிகிரிக்குள் வையுங்கள்.

கன்ட்ரோலில் 10 சதவீதம்தான் வரம்பு, அதாவது 20க்கு 2. ஆறு என்றால் அந்தச் சோதனையே செல்லாது. கன்ட்ரோலைக் கழித்துக் கணக்குக் காட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

இன்னொன்று, குஞ்சை எப்படி மாற்றுகிறீர்கள்? நான் முதல் வருடம் பிப்பெட்டை உயரப் பிடித்துச் சொட்டுவேன். ஓட்டுக்குள் காற்றுக்குமிழி புகுந்து, நீர்ப்பரப்பில் ஒட்டிக்கொண்டு, இறங்க முடியாமல் உதைத்துக்கொண்டே கிடக்கும். குவளையை மெல்ல ஆட்டி 15 விநாடி பார்த்தால் நீந்தாது. அதையும் விஷத்தின் கணக்கில் எழுதிவிட்டேன். வாய் அகலமான பிப்பெட் எடுங்கள், நுனி நீருக்குள் இருக்கட்டும்.

மீனுக்கு இப்போது போகாதீர்கள். மீனுக்கான ஓஇசிடி 203 முறையில் ஒவ்வொரு செறிவுக்கும் குறைந்தது 7 மீன்; ஐந்து செறிவும் கன்ட்ரோலும் சேர்த்தால் 42. தண்ணீர் சரியில்லாமல் அத்தனை உயிரை எடுப்பது எனக்குப் பொறுக்காது.

நொய்யல்கரை:
நானும் மேலிருந்துதான் சொட்டினேன் ஐயா. தண்ணீருக்கு இன்று காற்றுக்கல் போட்டாயிற்று. பிப்பெட் நுனியை உள்ளே விட்டுப் பழகப் பத்துக் குஞ்சு மாற்றிப் பார்த்தேன். ஒன்றுகூட மேலே ஒட்டவில்லை.