பழைய டிவி கேம், புது எல்இடி டிவி: படம் கறுப்பு வெள்ளையா வருது, உதவி தேவை

சத்துவாச்சாரி 8பிட்:
கேசட் போட்டு ஆடுற 8 பிட் டிவி கேம். பின்னாடி மஞ்சள், சிவப்பு ரெண்டு ஏவி ஓட்டை, ஒரு ஆர்எஃப் ஓட்டை (டிவியோட ஆன்டெனா ஓட்டைக்குப் போறது). புது 43 இன்ச் டிவியில மூணு கலர் ஓட்டையே இல்ல. 'ஏவி இன்'னு ஒரே ஒரு 3.5 மிமீ ஓட்டையும் ஹெச்டிஎம்ஐயும்தான். கடையில ஒரு பக்கம் 3.5 மிமீ பின், மறுபக்கம் மூணு கலர் ஆர்சிஏ முனை இருக்கிற கேபிள் வாங்கி, கலருக்குக் கலர் மாட்டினா 'நோ சிக்னல்', ஸ்பீக்கர்ல கொர்ர்னு இரைச்சல். டிவி கேம் மஞ்சள் ஓட்டையில கேபிளோட சிவப்பு முனையைச் சொருகினா படம் வருது, ஆனா கறுப்பு வெள்ளை, எழுத்தோரம் எல்லாம் நடுங்குது. பழைய அடாப்டர் இல்ல, ரவுட்டரோட 9 வோல்ட் அடாப்டர்லதான் ஓடுது. பேசாம ஹெச்டிஎம்ஐ டப்பா வாங்கிடவா?

காட்பாடி ஸ்பேர்ஸ்:
அவசரப்படாதீங்க தம்பி, கேபிள் விஷயத்துல பாதிக் கிணறு தாண்டிட்டீங்க.

அந்த 3.5 மிமீ பின்னுல நாலு பட்டை இருக்கும்: ரெண்டு ஆடியோ, ஒரு வீடியோ, ஒரு கிரவுண்ட். எது எந்தப் பட்டையிலன்னு எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான வரிசை கிடையாது. கேம்கோடருக்குன்னு வந்த கேபிள் ஒரு மாதிரி, டிவிக்கு வந்தது இன்னொரு மாதிரி. உங்க கேபிள்ல வீடியோ சிவப்பு ஒயர்ல போகுது, அவ்வளவுதான். முதல்ல கேட்ட கொர்ர் சத்தம், வீடியோ சிக்னல் ஆடியோ வழியில நுழைஞ்சதால வந்தது. படம் வந்ததால கிரவுண்ட் சரியா இருக்கு. புதுக் கேபிள் வேண்டாம். சத்தத்துக்கு மீதி ரெண்டு முனையையும் மாத்தி மாத்திப் பாருங்க. டிவி கேம்ல மோனோ, அதாவது ஒரே ஒரு சத்த வழிதான். ரெண்டு ஸ்பீக்கர்லயும் கேக்கணும்னா ஒண்ணை ரெண்டாப் பிரிக்கிற ஒய் ஜாக் போடுங்க.

எப்படி மாத்தினாலும் படம் வரலைன்னா கிரவுண்டே இடம் மாறியிருக்கலாம். டிவி பிளக்கைப் பிடுங்கிட்டு, கேபிளை டிவியில சொருகிட்டு, மல்டிமீட்டரை ஓம்ஸ்ல வைங்க. ஒரு முனை ஹெச்டிஎம்ஐ ஓட்டையோட உலோக ஓரத்துல, இன்னொண்ணு ஆர்சிஏ வெளி வளையத்துல. பூஜ்யம் கிட்ட காட்டினா கேபிள் சரி. அப்புறம் மூணு முனையோட நடுக்கம்பியையும் தொட்டுப் பாருங்க. பெரும்பாலும் 75 ஓம் காட்டுறதுதான் வீடியோ.

ரவுட்டர் அடாப்டர்: உங்களுக்கு ஓடுது, அதனால போலாரிட்டி (பின் நடுவுல பிளஸ்ஸா மைனஸாங்கிறது) பொருந்தியிருக்கு. மத்தவங்க அதைப் பாத்து மாட்டிடாதீங்க. ரவுட்டர் அடாப்டர் பெரும்பாலும் நடுவுல பிளஸ். நின்டெண்டோவோட பழைய டிவி கேமான ஃபேமிகாமும் அதோட நகல் பலதும் நடுவுல மைனஸ். டிவி கேம் அடியில ஒட்டியிருக்கிற படத்தைப் பாக்காம மாட்டினா உள்ள வோல்ட்டைக் குறைச்சுக் கொடுக்கிற 7805 ரெகுலேட்டரோ கெப்பாசிட்டரோ போயிடும். சிசிடிவி கடையில கிடைக்கிற 12 வோல்ட்டும் வேண்டாம். 7805 வெளிய விடுறது 5 வோல்ட்தான், மிச்சமெல்லாம் சூடு. 0.4 ஆம்பியர் இழுத்தா 9 வோல்ட்ல 1.6 வாட், 12 வோல்ட்ல 2.8 வாட். நம்ம ஊரு மே மாச வெயில்ல அது தாங்காது.

குடியாத்தம் பிக்சல்:
ஆர்எஃப்ல போட்டு அனலாக் சேனல் தேடுனா வந்துடுமே ணா?

காட்பாடி ஸ்பேர்ஸ்:
வரும், ஆனா ஏவியை விட மங்கல், புள்ளிப் புள்ளியா இருக்கும். ஏவி ஓட்டை இருக்கும்போது அது எதுக்குப்பா?

ராணிப்பேட்டை சால்டரிங்:
கலர் வராததுக்கு முதல் சந்தேகம் பால் (PAL), என்டிஎஸ்சி (NTSC)ங்கிற ரெண்டு கலர் டிவி முறைக்குள்ள வர்ற குழப்பம். கலர் சிக்னல் பால்ல 4.43 மெகாஹெர்ட்ஸ், என்டிஎஸ்சியில 3.58. நகல் மெஷின்களோட சிக்னல் அச்சு அசல் தரத்துல இருக்காது, டிவியோட 'ஆட்டோ' அதுல ஏமாந்துடும். ஏவி இன்புட்டை ஓட விட்டுக்கிட்டே செட்டிங்ஸ்ல 'கலர் சிஸ்டம்' போய் பால், என்டிஎஸ்சி ரெண்டையும் கையால மாத்திப் பாருங்க. ஹெச்டிஎம்ஐயில இருந்தா அந்த மெனு பல டிவியில தெரியாது.

உறுதியா தெரியணும்னா டிவி கேமைத் திறந்து போர்டுல கிரிஸ்டலை (மெகாஹெர்ட்ஸ் எண் அச்சடிச்ச சின்ன உலோக டப்பி) பாருங்க. 26.60னு இருந்தா பால், 21.47னு இருந்தா என்டிஎஸ்சி. திறந்ததும் திறந்தீங்க, கேசட் ஸ்லாட்டையும் 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால், காதுப் பஞ்சு வெச்சுத் துடைச்சிடுங்க. கேசட் பின்னுக்கும் அதே. வாயால ஊதறது வேண்டாம், எச்சில் ஈரம் பின்னை அரிக்கும்.

சத்துவாச்சாரி 8பிட்:
கலர் வந்துடுச்சு அண்ணா! கிரிஸ்டல் 26.60. கையால பால் வெச்சதும் சரியாச்சு. வெள்ளை முனையில சத்தமும் வருது. நடுக்கம் மட்டும் போகல.

ராணிப்பேட்டை சால்டரிங்:
அது கேபிள் கோளாறு இல்ல. இந்த மெஷின் ஒவ்வொரு தடவையும் அதே 288 கோடுகள் மேலயே வரையும், இதை 288பின்னு சொல்வாங்க. டிவி அதை 576ஐன்னு, அதாவது ஒற்றை வரி ஒரு தடவை இரட்டை வரி ஒரு தடவைன்னு வர்ற 576 கோடு படம்னு நினைச்சு, ரெண்டையும் கோக்கப் பாக்குது, அதான் நடுங்குது. மலிவான ஏவி–ஹெச்டிஎம்ஐ டப்பாவும் உள்ள இதே வேலையைத்தான் செய்யும், கூடக் கொஞ்சம் தாமதமும் சேரும். ஏவி ஓட்டையே இல்லாத டிவிக்குத்தான் அது. அப்படி வாங்குறவங்க திசையைப் பாருங்க: 'ஏவி டு ஹெச்டிஎம்ஐ', தலைகீழா வாங்கினா வீண். 5 வோல்ட் யூஎஸ்பி பவர் இல்லாம வெறும் ஒயரா விக்கிறாங்களே, அது எந்தக் காலத்துலயும் வேலை செய்யாது.

நடுக்கம் போயே ஆகணும்னா ரெட்ரோடிங்க் 2எக்ஸ் மாதிரி வரியை இரட்டிப்பாக்குற டப்பா. விலை அதிகம், ஒரே ஒரு மெஷினுக்கு வாங்கச் சொல்ல மாட்டேன். முதல்ல டிவியில 'கேம் மோட்' போட்டு, ஷார்ப்னஸைக் குறைச்சு, அகலத்தை 4:3 வைங்க. பாதி நடுக்கம் கண்ணுக்கே தெரியாது.

குடியாத்தம் பிக்சல்:
வாத்து சுடுற துப்பாக்கி இதுல வேலை செய்யுமா?

காட்பாடி ஸ்பேர்ஸ்:
செய்யாதுப்பா. சுட்ட நொடியில திரை கறுத்து, வாத்து இருக்கிற இடத்துல வெள்ளைக் கட்டம் வரும். துப்பாக்கி அந்த வெளிச்சத்தை அதே நேரத்துல எதிர்பாக்கும். எல்இடி டிவி படத்தைத் தாமதமா காட்டும், அதோட பிக்சர் டியூப் மாதிரி கோடு கோடா மின்னாது. எந்த டப்பா போட்டாலும் இது தீராது. 2006க்கு அப்புறம் கவர்மென்ட் கொடுத்த 14 இன்ச் இலவசக் கலர் டிவி யார் வீட்டுப் பரண்லயாவது கிடந்தா கேட்டு வாங்குங்க, துப்பாக்கிக்கு அதுதான் சரி. நீங்க கேட்ட ஆர்எஃப்பும் அங்க உதவும்.