ஆண்டு மலர்க் கட்டுரையும் ஆயிரம் மரக்கன்றும்

ஊர்ச் சொந்தங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

ஒரு வாரமாக எல்லா மடல்களையும் படித்துக்கொண்டுதான் இருந்தேன். பதில் போட நேரம் கிடைக்கவில்லை, இன்றைக்கு லீவு, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டு விஷயம். ஒன்று, மஸ்கட் சித்தப்பா அனுப்பிய ஆண்டு மலர்க் கட்டுரை. இன்னொன்று, ஏற்காடு மலை அடிவாரத்தில் ஆயிரம் மரக்கன்று நட நம்மிடம் கேட்கிற பணம்.

சித்தப்பா, கட்டுரை நன்றாக வந்திருக்கிறது, சேலத்தை ஒட்டி மலையடிவாரத்தில் இருக்கிற நம்ம கன்னங்குறிச்சியைப் பற்றி இவ்வளவு ஆசையாக யாரும் எழுதியதில்லை. ஆனால் இரண்டாவது பத்தியில் “1842இல் சர் தாமஸ் மன்றோ ஏற்காட்டைக் கண்டுபிடித்தார்” என்று இருக்கிறது பாருங்கள், அதை மட்டும் எடுத்துவிடுங்கள். இணையத்தில் எங்கே தேடினாலும் இதே வரிதான் வரும், ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியது. மன்றோ 1827 ஜூலையில் ஆந்திரத்துப் பத்திகொண்டாவில் காலரா வந்து இறந்துபோனார். இறந்து பதினைந்து வருடம் கழித்து மலையேறி ஊரைக் கண்டுபிடிக்க அவர் என்ன நம்ம மலைச்சாமி சேர்வராயனா? அவருக்கும் நம்ம ஜில்லாவுக்கும் தொடர்பே இல்லை என்று சொல்லவில்லை. 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகாலும் (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம்) சேலமும் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனபோது, அதை நிர்வகிக்க வந்த கேப்டன் ரீடுக்கு உதவியாளராக வந்தவர் அவர். 1799 வரை இந்தப் பக்கம் நிலத்தை அளந்து வரி போட்டுக்கொண்டிருந்தார். மதராஸ் கவர்னர் ஆனது அதற்கு ரொம்பப் பின்னால், 1820இல்.

அப்புறம் அந்தக் “கண்டுபிடித்தார்” என்ற சொல். மலையாளி மக்கள் அங்கே வெள்ளைக்காரனுக்கு முன்னாலிருந்தே சாமை, கேழ்வரகு விதைத்துக்கொண்டு இருந்தார்கள். மலையுச்சியில் குகைக்குள் சேர்வராயனும் காவேரியம்மனும் இருந்தார்கள். (வெளியூரில் வளர்ந்த பிள்ளைகளுக்காக: இந்த மலையாளிக்கும் கேரளத்துக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்கிற, மலையில் வாழ்கிற நம்ம தமிழ் பேசுகிற பழங்குடி. என் பெண் பள்ளிக்கூடத்தில் தப்பாகச் சொல்லி மாட்டிக்கொண்டாள்.) கண்டுபிடிக்க வேறு யாராவது மிச்சம் இருந்தால் அது காப்பிதான். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காப்பிச் செடியை மலைக்குக் கொண்டுவந்தார் என்று எழுதுங்கள். அது சரியாக இருக்கும்.

இந்தக் காப்பியிலிருந்துதான் என்னுடைய இரண்டாவது விஷயமே ஆரம்பிக்கிறது.

நம்ம வீட்டு மொட்டைமாடியிலிருந்து வடக்கே பார்த்தால் மலை பச்சையாகத் தெரியும், நாம் எல்லோரும் அதைக் காடு என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் மேலே இருக்கிற பச்சையில் பெரும்பகுதி காப்பித் தோட்டம். காப்பிக்கு நிழல் வேண்டும். வெயில் நேராக விழுந்தால் அராபிகா செடியில் தண்டு துளைப்பான் புழு வந்து உட்கார்ந்துவிடும். அதனால் பழைய மரங்களில் பலா, அத்தி, நாவல் என்று சிலதை விட்டுவிட்டு, மற்ற இடத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக்கை வரிசையாக நட்டார்கள். நேராக வளரும், கிளையைக் கவாத்து செய்தால் தாங்கும், மிளகுக் கொடி ஏற்றலாம், பணமுடை வந்தால் வெட்டி விற்கலாம். தோட்டக்காரருக்கு அது லாபமான மரம், நான் குறை சொல்லவில்லை. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப்போய் நாம் போட்டோ எடுத்துக்கொள்கிற “காடு” அதுதான் என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். மேலே மிச்சம் இருக்கிற நிஜக் காட்டில், சேர்வராயன் பேரையே தாங்கிய வெர்னோனியா ஷெவராயென்சிஸ் என்ற மரம் உண்டு. ஏற்காட்டில் தாவரவியல் ஆய்வுத் துறையின் ஆர்க்கிட் தோட்டத்தில் அதை வைத்து வளர்க்கிறார்கள். நம்மில் எத்தனை பேர் அதைப் பார்த்திருக்கிறோம்? நானே நாற்பது வயதுக்கு மேல்தான் பார்த்தேன்.

ஊருக்குள் வந்தாலும் இதே கதைதான். நம்ம ஊர் நிழலுக்குப் பேர்போன ஊர், அஸ்தம்பட்டியிலிருந்து ஏற்காடு ரோட்டில் வரும்போதே காற்று மாறுவது தெரியும் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். உண்மை. ஆனால் அந்த நிழல் யார் கொடுத்தது? தூங்குமூஞ்சி மரம் தென்னமெரிக்கா. சிவப்பாகப் பூக்கிற குல்மோகர் மடகாஸ்கர். புளியமரம்கூட எந்தக் காலத்திலோ ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததுதான், ஆனால் அதை வெளியூர்க்காரன் என்று சொன்னால் அடிப்பீர்கள். 1935இல் டி. ஆர். சுந்தரம் மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோவை ஆரம்பித்து, அதன் வாசல் வளைவு இன்னும் ரோட்டோரத்தில் நிற்கிறதே, அதைப் போல இந்த மரங்களும் யாரோ ஒருவர் வைத்து, யாரோ தண்ணி ஊற்றி வந்தவை.

எனக்கு அதில் ஒரு மரத்தின் மேல் தனிப் பாசம். பஸ் ஸ்டாப் பக்கத்துத் தூங்குமூஞ்சி. சாயங்காலம் அதன் இலை மூடிக்கொள்ள ஆரம்பிக்கும் நேரத்துக்குத்தான் தட்டுவடை செட் வண்டி வந்து நிற்கும். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் துருவின பீட்ரூட்டும் வெங்காயமும், ஒரு பக்கம் பச்சைச் சட்னி ஒரு பக்கம் சிவப்பு, கடைசியில் கொத்தமல்லி. காலடியில் மரத்துக் காய் மிதிபட்டுப் பிசுபிசு என்று செருப்பில் ஒட்டும். மாடுகள் வந்து அந்தக் காயைத் தேடித் தின்னும், தித்திப்பாம். இங்கே டொரொண்டோவில் பீட்ரூட் துருவும் வாசனை வந்தால் எனக்குச் செருப்பு ஒட்டுகிற ஞாபகம்தான் வரும்.

சரி. அப்போது நம்ம ஊரின் சொந்தக் காடு எது என்றால், யாரும் திரும்பிப் பார்க்காத அந்த அடிவாரத்து முள்ளுக்காடுதான். சின்னத்திருப்பதி தாண்டி, மலை ஆரம்பிக்கிற இடத்தில், கரடும் புதருமாக, மாசியிலிருந்து சித்திரை வரைக்கும் செத்துப்போன மாதிரி கிடக்குமே அது. வெக்காலி, கருங்காலி, அங்கங்கே சந்தனம், எல்லாவற்றுக்கும் மேலாக அரப்பு மரம். மதுரைப் பக்கம் இதைத்தான் உசிலை என்பார்கள், உசிலம்பட்டி என்ற பேரே அதிலிருந்துதான். என் அம்மாயி சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துவிட்டு, காய்ந்த அரப்பிலையை இடித்துச் சலித்த தூளைக் கஞ்சித்தண்ணியில் கரைத்துத் தலையில் வைத்து அரக்கித் தேய்ப்பாள். பச்சை நிறத்தில் வழவழ என்று வழியும், கண்ணில் பட்டால் உயிர் போகும். கத்தினால் முதுகில் ஒன்று வைப்பாள். அந்த இலை கடையில் வாங்கியதில்லை, அடிவாரத்தில் உருவிக்கொண்டு வந்தது.

இந்தக் காடு கோடையில் இலையைக் கொட்டிவிட்டு நிற்பது நோயால் இல்லை, அது தண்ணியைச் சேமிக்கிற வழி. போன வருடம் மாசியில் ஊருக்கு வந்தபோது மாமாவோடு அந்தப் பக்கம் நடந்தேன். அதற்கு முந்தின வாரம்தான் தீப்பிடித்து அணைந்திருந்தது, கால் வைத்தால் சாம்பல் பொசுபொசு என்று எழும்பியது. நான் “எல்லாம் போச்சே மாமா” என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் குனிந்து, கருகின ஒரு அடிக்கட்டையைக் குச்சியால் நோண்டிக் காட்டினார். வேர் பக்கத்தில் சுண்டுவிரல் நகம் அளவுக்குச் சிவப்பாகத் துளிர். “இது நெருப்பு பாத்த மரம்டா. ஆடும் பொக்லைனும்தான் இதுக்கு எமன்” என்றார்.

பொக்லைன் என்று அவர் சொன்னது நம்மைத்தான். மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். முன்பு ஒருமுறை நம்ம சங்கப் பணத்தில் முந்நூறு கன்று நட்டோம் அல்லவா, அதே அடிவாரத்தில்தான். முதலில் பொக்லைன் விட்டு முள்ளையெல்லாம் “சுத்தம்” செய்தார்கள். பிறகு வரிசையாகக் குழி எடுத்து குல்மோகர், சில்வர் ஓக், ஐம்பது சந்தனம். நானும் பணம் கொடுத்தேன், நானும் அந்தப் போட்டோவை எல்லோருக்கும் அனுப்பினேன், அதனால் யாரையும் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. இன்றைக்கு அங்கே எண்ணி ஒன்பது கன்று நிற்கிறது. அதில் ஒன்றுகூடச் சந்தனம் இல்லை.

சந்தனம் ஏன் செத்தது தெரியுமா? அது பாதி ஒட்டுண்ணி. தன் வேரைப் பக்கத்துச் செடியின் வேரில் பதித்து அதிலிருந்து நீரும் சத்தும் உறிஞ்சும். துவரைச் செடியாவது பக்கத்தில் இருக்க வேண்டும். நாம் துணையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு மொட்டை நிலத்தில் தனியாக நிறுத்தினோம். ஆனால் அதே அடிவாரத்தில், நாம் கை வைக்காத புதருக்குள் சந்தனம் தானாக முளைத்து நிற்கிறது. குருவிகள் பழத்தைத் தின்று, புதர் மேல் உட்கார்ந்து விதையை எச்சத்தோடு போடும். கீழே முள் இருப்பதால் ஆடு வாய் வைக்காது, வேருக்குத் துணையும் கிடைக்கும். நாம் பணம் கொடுத்து அழித்த முள்ளுதான் அதற்குத் தொட்டில்.

இதைச் சொன்னவுடன் மெல்போர்ன் தங்கச்சி கேட்பாள், “அப்போ சீமைக்கருவேலையும் விட்டுவைக்கணுமா அண்ணா?” என்று. இல்லை தங்கம். சீமைக்கருவேலும் உண்ணிச்செடியும் வந்தேறிகள்தான், உண்ணிச்செடி காய்ந்தால் தீ அதில்தான் ஓடும். அதை ஆள் விட்டுக் கையால் பிடுங்கலாம், எது எது என்று தெரிந்தவர் கூட நின்றால் போதும். பொக்லைனுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. அப்புறம் தூங்குமூஞ்சியை வெட்டச் சொல்கிறாயா என்றும் யாரும் ஆரம்பிக்க வேண்டாம், தட்டுவடை செட்டுக்காரர் என்னைச் சும்மா விடமாட்டார்.

இன்னொன்று தண்ணி. மலையில் பெய்கிற மழை ஓடையாக இறங்கி, புது ஏரி நிரம்பி, அப்புறம்தான் மூக்கனேரிக்கு வருகிறது. மூக்கனேரி ஐம்பத்தெட்டு ஏக்கர். 2010 வாக்கில் சேலம் மக்கள் குழுவினர் அதைத் தூர் வாரி, அந்த மண்ணையே நடுவில் திட்டுத் திட்டாகக் குவித்து மரம் வைத்தார்கள். இப்போது அந்தத் திட்டுகளில் கொக்கும் நாரையும் நீர்க்காகமும் அடைகிறதைப் பார்க்கவே சாயங்காலம் ஆட்கள் வருகிறார்கள். அங்கே வைத்த மரம் பிழைத்தது, நாம் வைத்தது செத்தது. அங்கே காலடியில் தண்ணி இருந்தது, போய்ப் பார்க்க ஆட்களும் இருந்தார்கள். நாம் போட்டோ எடுத்த பிறகு யாருமே போகவில்லை. அடிவாரத்துப் புதர் போய்விட்டால் மழைத்தண்ணி நிற்காமல் மண்ணையும் அள்ளிக்கொண்டு இறங்கும், ஏரிதான் தூர்ந்துபோகும். நாம் வேறு ஒன்றும் செய்யாவிட்டாலும் அந்தப் புதரை அழிக்காமல் இருந்தால் போதும்.

அதனால் என் கருத்து இதுதான், ஒத்துக்கொள்ளாதவர்கள் தாராளமாகத் திட்டலாம். அடிவாரத்தில் ஒரு கன்றும் நட வேண்டாம். ஆயிரத்தை நாற்பது ஆக்குவோம். புங்கன், வேம்பு, இலுப்பை, நாவல் என்று ஊருக்குள் தெருவோரத்தில், எந்த வீட்டுக்காரர் வாசலில் வைக்கச் சம்மதித்து வாளித் தண்ணி ஊற்றுவாரோ அங்கே மட்டும் வைப்போம். கூண்டுக்கும் இரண்டு கோடைக்குத் தண்ணி ஊற்றுகிற ஆளுக்கும் பணம் ஒதுக்குவோம். மீதிப் பணத்தைப் பேரூராட்சியில் கேட்டு அனுமதி வாங்கி, புது ஏரிக்கு வருகிற ஓடையில் அடைத்திருக்கிற பிளாஸ்டிக்கையும் உண்ணிச்செடியையும் எடுக்கக் கொடுக்கலாம். போட்டோவுக்கு நன்றாக இருக்காது, தெரியும்.

ஆண்டு மலருக்கு அட்டைப்படம் குல்மோகர் என்று போட்டிருக்கிறீர்கள் சித்தப்பா. அதை மாற்றச் சொல்லவில்லை, அழகாகத்தான் இருக்கிறது. உள்ளே எங்காவது ஒரு அரப்பு மரத்தின் படம் போட முடியுமா பாருங்கள். மாமாவிடம் சொன்னால் எடுத்து அனுப்புவார். இலை உதிர்ந்த நேரத்தில் எடுத்தாலும் பரவாயில்லை.

கடைசியாக, பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் யாராவது டொரொண்டோ வழியாகத் திரும்பினால் கால் கிலோ அரப்புத்தூள் கொண்டுவாருங்கள். கடைத்தூள் வேண்டாம், வாசனையே இல்லை. எங்கள் சின்னம்மாவிடம் கேட்டால் இடித்துக் கொடுப்பாள், நான் போன் பண்ணிச் சொல்லிவிடுகிறேன்.

மேலத்தெரு ஓட்டு வீட்டுப் பேரன்
டொரொண்டோ